கம்பமும் பெட்டியும்: காற்றளப்பு பற்றி வாசகர் கேள்விகள்

பணகுடியில் பிறந்தவனுக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடி மாதம் கிழக்கே இருந்த பள்ளிக்கூடத்துக்கு மிதிக்காமலே சைக்கிளில் போவோம். சாயங்காலம் அதே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவோம். பிறகு 26 வருடம் அந்தக் காற்றை அளக்கிற வேலைதான் எனக்குச் சோறு போட்டது. 50 மீட்டர், 80 மீட்டர், 100 மீட்டர் என்று கம்பம் உயர உயர என் முழங்கால் தேய்ந்தது. கடைசிப் பத்து வருடம் ஏறுகிற வேலை போய், தரையில் வைக்கிற கருவிகளைச் சோதித்துப் பார்க்கிற வேலை. இந்த மாதம் வந்த கடிதங்களில் அந்தக் கருவிகளைப் பற்றியவற்றை மட்டும் ஆசிரியர் பிரித்து என்னிடம் தந்துவிட்டார்.

ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: எங்கள் ஊருக்கு வெளியே கம்பிவேலிக்குள் ஒரு வெள்ளைப் பெட்டி வைத்திருக்கிறார்கள். காற்றை அளக்கிறதாம். சுற்றுகிற கிண்ணமும் இல்லை, திசை காட்டுகிற வாலும் இல்லை. எப்படி அளக்கும் ஐயா?

அதன் பெயர் லைடார். மேல்பக்கம் ஒரு கண்ணாடி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதன் வழியாகக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் மேலே போகிறது. காற்றில் எப்போதும் தூசி, உப்புத்துகள், மகரந்தம், புகை என்று ஏதாவது மிதந்துகொண்டிருக்கும். அவற்றின் மேல் பட்டு ஒளியில் மிக மிகக் கொஞ்சம் திரும்பி வருகிறது. ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் சுருதி கூடியும், தாண்டிப் போனதும் சுருதி இறங்கியும் கேட்கிறதல்லவா, அந்த டாப்ளர் விளைவுதான் இதிலும். தூசி பெட்டியை நோக்கி விநாடிக்கு 1 மீட்டர் வந்தால், திரும்பும் ஒளியின் அதிர்வெண் சுமார் 13 லட்சம் ஹெர்ட்ஸ் கூடுகிறது. பெரிய எண்ணாகத் தெரிகிறதா? அந்த ஒளியின் சொந்த அதிர்வெண் ஏறக்குறைய 200 லட்சம் கோடி ஹெர்ட்ஸ். இதற்குள் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? திரும்பி வந்த ஒளியோடு அனுப்பிய ஒளியில் கொஞ்சத்தைக் கலந்துவிடுகிறார்கள். இரண்டு நாதஸ்வரம் மயிரிழை சுருதி விலகினால் நடுவில் ஓர் அலை எழும்பி எழும்பி அடங்குமே, அந்த அலையை எண்ணுகிறது கருவி.

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். பெட்டி பார்ப்பது காற்றை அல்ல, காற்றோடு போகிற தூசியை. அப்புறம், ஒரு லேசர்க் கதிரால் தன் நீளவாக்கில் வருகிற, போகிற வேகத்தை மட்டுமே அறிய முடியும். குறுக்கே போவது அதற்குத் தெரியாது. அதனால் கதிரைச் சாய்த்து நாலு திசையிலும், சில கருவிகளில் நேர் மேலேயும் அனுப்பி, கிடைத்த எண்களைச் சேர்த்துக் காற்றின் வேகத்தையும் திசையையும் கணக்குப் போட்டு எடுக்கிறார்கள். கதிரின் சாய்வு சுமார் 28 பாகை என்றால், 100 மீட்டர் உயரத்தில் எதிரெதிர்க் கதிர்கள் இரண்டுக்கும் இடையே 100 மீட்டருக்கு மேல் தூரம். கம்பத்துக் கிண்ணம் தன்னைத் தொட்டுப் போகிற காற்றை அளக்கிறது. இந்தப் பெட்டியோ ஒரு கால்பந்து மைதானத்தின் ஓரங்களைத் தொட்டுப் பார்த்து, நடுவில் இப்படித்தான் இருக்கும் என்று சொல்கிறது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு வரியிலிருந்து வருபவை.

வடக்கன்குளத்திலிருந்து ஆடு வளர்ப்பவர்: அந்த லேசர் பட்டால் ஆட்டுக்குக் கண் போய்விடும் என்கிறார்களே?

போகாது. அந்த அலைநீளத்து ஒளி விழித்திரைக்குப் போவதற்கு முன்பே கண்ணின் முன்பகுதி ஈரத்தில் அடங்கிவிடும். சக்தியும் குறைவு. பைனாகுலரை வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு நேராகக் குனிந்து பார்க்காமல் இருந்தால் போதும். ஆடு பைனாகுலர் வைத்திருக்காது.

பல்லடத்திலிருந்து ஒரு தோட்டக்காரர்: எங்கள் நிலத்தில் 50 மீட்டர் கம்பத்தில் ஒரு வருடம் அளந்துவிட்டு, 120 மீட்டர் உயரக் காத்தாடிக்குக் கணக்குச் சொல்கிறார்கள். 50-இல் அளந்ததை வைத்து 120-ஐ எப்படிச் சொல்ல முடியும்?

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். தரையில் மரம், வீடு, வரப்பு எல்லாம் உராய்ந்து காற்றைத் தடுக்கும். மேலே போகப் போக வேகம் கூடும். எவ்வளவு கூடும் என்பதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். அதில் ஓர் அடுக்கெண் உண்டு. சமதளத்துக்கு ஏழில் ஒன்று, அதாவது 0.14 என்று பாடப்புத்தகம் சொல்லும். உங்கள் நிலத்தில் 50 மீட்டர் உயரத்தில் சராசரி வேகம் விநாடிக்கு 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.14 போட்டால் 120 மீட்டரில் 6.8. தென்னையும் வீடும் இருக்கிற இடத்தில் அது 0.25 ஆகவும் இருக்கலாம். அப்போது 7.5. வித்தியாசம் முக்கால் மீட்டர்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் காற்றில் உள்ள சக்தி வேகத்தின் முப்படியாக ஏறும். 6.8-க்கும் 7.5-க்கும் நடுவே சக்தியில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். ஓர் அடுக்கெண்ணை ஊகித்ததில் இவ்வளவு.

இதில் இன்னொரு சிக்கல், அந்த அடுக்கெண் நாள் முழுக்க ஒன்றாக இருக்காது. பகலில் வெயில் கீழ்க்காற்றையும் மேல்காற்றையும் கலக்கிவிடும், வித்தியாசம் குறையும். இரவில் தரை குளிர்ந்து காற்று தட்டுத்தட்டாக நிற்கும். கீழே இலை அசையாது, மேலே நன்றாக ஓடும். இதனால்தான் 120, 140 மீட்டரில் நேராகப் பார்க்கிற லைடார், ஒலியால் அளக்கிற சோடார் எல்லாம் வந்தன. 120 மீட்டர் கம்பமே நடலாம், ஆனால் அதற்கு இழுவைக் கம்பி நாலு வயலைத் தாண்டிப் போகும். நாலு வயல்காரரும் சம்மதிக்க வேண்டும். கணக்குச் சொன்னவர்களிடம் கேளுங்கள்: உயரத்துக் காற்றை ஊகித்தீர்களா, அளந்தீர்களா? நீங்கள் கேட்கலாம். நிலம் உங்களுடையது.

உடுமலையிலிருந்து ஒரு வாசகர்: சில வருடம் முன்பு எங்கள் தோப்புப் பக்கம் இராத்திரி முழுக்க ‘க்வீக், க்வீக்’ என்று ஏதோ கத்திக்கொண்டே இருந்தது. அதையும் காற்றளக்கிற கருவி என்றார்கள். அது இதுதானா?

இல்லை, அது சோடார். லைடாருக்கு அண்ணன். ஒளிக்குப் பதில் ஒலியை மேலே அனுப்பும். இது தூசியை நம்புவதில்லை. சூடும் குளிரும் கலந்து கொந்தளிக்கிற காற்றிலிருந்தே ஒலி எதிரொலிக்கும். 200 மீட்டர் போய்த் திரும்ப ஒலிக்கு ஒரு விநாடிக்கும் மேல் ஆகும். ஒளிக்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்குகூட ஆகாது. அதனால் பத்து நிமிடத்தில் சோடார் கேட்கிற பதில்கள் சில நூறுதான். லைடார் கேட்பது எத்தனையோ மடங்கு.

சோடாரோடு நான் பட்ட பாடு தனிக்கதை. விலை குறைவு, மின்சாரம் குறைவாகத் தின்னும், நல்ல கருவிதான். ஆனால் அது கேட்கிற எதிரொலி காற்றிலிருந்து வந்ததா, தென்னை மரத்திலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. மரம் நகராதே, அதனால் மரத்து எதிரொலியில் வேகம் பூஜ்யம். அது நல்ல எண்ணோடு கலந்தால் சராசரி இறங்கிவிடும். தோப்பு ஒன்றை ஒட்டி வைத்திருந்த சோடார், ஒரே ஓர் உயரத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்துக் காட்டிக்கொண்டே இருந்தது. மேலேயும் கீழேயும் சரியாக இருக்கிறது, 60 மீட்டரில் மட்டும் பள்ளம். காற்றில் அப்படிப் பள்ளம் விழாது. டேப்பை எடுத்துக்கொண்டு நடந்தேன். 60 மீட்டர் சொச்சம் தள்ளி ஒரு தென்னை வரிசை. கருவியைத் திருப்பி வைத்தோம், பள்ளம் மறைந்தது.

மழை பெய்தால் துளி விழும் சத்தத்திலேயே அதற்குக் காது அடைத்துவிடும். காற்று பலமாக அடித்தாலும் அப்படியே. சாயங்காலம், பகல் சூடு அடங்கி இரவுக் குளிர் தொடங்காத அந்தச் சந்திப் பொழுதில் எதிரொலி மெலிந்துவிடும். மயிலைப் பற்றிக் கேட்காதீர்கள். விடியற்காலையில் இது ‘க்வீக்’ என்றால் பக்கத்துக் காட்டு மயில் பதில் சொல்லும்; கொஞ்ச நேரத்தில் யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்றே தெரியாது.

கோவையிலிருந்து ஓர் இளம் பொறியாளர்: நாங்கள் ஒரு லைடாரை 100 மீட்டர் மாஸ்ட் (காற்றளக்கும் கம்பம்) பக்கத்தில் இரண்டு மாதம் வைத்து ஒப்பிட்டோம். ஆர்-ஸ்கொயர் 0.99 வந்தது. கருவி தேர்ச்சி என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

பொறுங்கள் தம்பி. ஆர்-ஸ்கொயர் என்பது இரண்டு கருவியும் சேர்ந்து ஏறுகிறதா, சேர்ந்து இறங்குகிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். உங்கள் லைடார் எப்போதும் சரியாகப் பத்து விழுக்காடு குறைத்துச் சொன்னால் ஆர்-ஸ்கொயர் எவ்வளவு வரும்? ஒன்று. முழு மதிப்பெண். அதை வைத்துக் காற்றாலை போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

முதலில் சாய்வைப் பாருங்கள்: மாஸ்ட் சொன்ன வேகத்தைக் கிடையாகவும் லைடார் சொன்னதை நெட்டாகவும் வைத்துப் புள்ளி போட்டு, அவற்றின் நடுவே இழுக்கிற கோட்டின் சாய்வு. கோட்டைப் பூஜ்யத்தின் வழியாகப் போட்டால் 0.98-க்கும் 1.02-க்கும் நடுவே இருப்பது நல்லது. பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் மிதக்கும் லைடார்களுக்கு வகுத்த வழிகாட்டியில் சிறந்த நிலைக்கு வைத்திருக்கும் வரம்பு இது. தரைக் கருவிக்கும் நான் இதைத்தான் மனதில் வைத்துக்கொள்வேன். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். கோட்டைச் சுதந்திரமாக விட்டும் ஒருமுறை போடுங்கள். 0.95 சாய்வும் 0.4 கூடுதலும் வந்தால், 8 மீட்டர் காற்றில் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும்; 12 மீட்டரில் குறைத்துச் சொல்லும், 4 மீட்டரில் கூட்டிச் சொல்லும். சராசரியில் ஒன்றும் தெரியாது. அதனால் அரை மீட்டர் அரை மீட்டராக வேகத்தைப் பிரித்து, ஒவ்வொரு கூடையிலும் வித்தியாசத்தைத் தனியாகப் பாருங்கள். ஒவ்வொரு கூடையிலும் போதுமான பத்து நிமிடச் சராசரிகள் இருக்கின்றனவா என்றும் எண்ணுங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு மாதம் எந்த இரண்டு மாதம்? மார்ச், ஏப்ரல் என்றால் 12 மீட்டருக்கு மேல் காற்றையே உங்கள் லைடார் பார்த்திருக்காது. ஆனியில் அதைக் கொண்டுபோய் வைத்தால் படிக்காத பாடத்துக்குப் பரீட்சை எழுதுகிற கதை.

அப்புறம், மாஸ்ட் தெய்வம் அல்ல. காற்று மாஸ்ட்டின் பின்னாலிருந்து வந்தால் கிண்ணம் கம்பத்தின் நிழலில் நிற்கும். அந்தத் திசைத் தரவை எடுத்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். பக்கத்தில் ஓடுகிற காத்தாடியின் நிழல் விழும் திசையையும் நீக்குங்கள். கிண்ணத்துக்கு ஒரு பழக்கம் உண்டு: காற்று ஏறும்போது சட்டென்று ஏறும், இறங்கும்போது தயங்கி இறங்கும். கொந்தளிப்பான காற்றில் அதனால் கொஞ்சம் கூட்டிச் சொல்லும். போதாததற்கு, கிண்ணம் எந்தத் திசையானாலும் வேகத்தை மட்டும் கூட்டிச் சராசரி எடுக்கும். சில சோடார்களும் லைடார்களும் திசையையும் சேர்த்துச் சராசரி எடுக்கும். திசை அலைந்தால் இரண்டாவது கணக்கு குறைவாகத்தான் வரும். இரண்டும் வேறு வேறு கணக்கு என்று தெரியாமல் கருவியில் கோளாறு என்று எழுதிவிட்டவர்கள் உண்டு.

கடைசியாக என் மானம் போன கதை. ஒரு லைடாரை மாஸ்ட் பக்கத்தில் வைத்து முதல் வாரத் தரவைப் போட்டுப் பார்த்தேன். புள்ளிகள் கோட்டில் நிற்கவில்லை, கொட்டிய கேழ்வரகு மாதிரி சிதறிக் கிடந்தன. கருவியைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் காட்டமாக ஒரு மின்னஞ்சலே எழுதிவிட்டேன். சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் உறைத்தது: மாஸ்ட் நம் நேரத்தில் ஓடுகிறது, லைடார் கிரீன்விச் நேரத்தில். ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போட்டதும் புள்ளிகள் எல்லாம் கோட்டுக்கு வந்துவிட்டன. இது பெரிய தவறு, அதனால் கண்ணில் பட்டது. சின்னத் தவறுதான் ஆபத்து. பத்து நிமிடச் சராசரிக்கு ஒரு கருவி தொடங்கும் நேரத்தை முத்திரை குத்தும், இன்னொன்று முடியும் நேரத்தை. பத்தே நிமிட நழுவல். புள்ளிகள் கோட்டில்தான் நிற்கும், கொஞ்சம் தடித்த கோடாக. ஆர்-ஸ்கொயர் 0.95 என்று வந்தால், பரவாயில்லை, கருவி சுமார் என்று எழுதிவிடுவோம். ஆகவே ஒப்பிடும்போது பத்து நிமிடம் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். எங்கே உச்சம் வருகிறதோ அதுதான் சரியான பொருத்தம்.

இன்னொன்று. காத்தாடிகளின் திறனை அளக்கும் ஐ.இ.சி. 61400-12-1 என்ற உலகத் தரம் 2005 பதிப்பில் கம்பத்துக் கருவியை மட்டுமே ஏற்றது. 2017 பதிப்பில்தான் இந்தப் பெட்டிகளையும் சேர்த்தார்கள், அதுவும் சமதளத்தில் மட்டும், பக்கத்தில் காவலுக்கு ஒரு குட்டை மாஸ்ட் நின்றால். அதோடு ஒவ்வொரு வகைக் கருவியின் பிழையும் எதனால் கூடுகிறது, குறைகிறது என்று பார்க்கச் சொல்கிறார்கள்: உயரத்தோடு வேகம் கூடும் விதமா, கொந்தளிப்பா, வெப்பமா, மழையா? இதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் துறையில் பேர்போன சோதனைத் திடல் டென்மார்க்கின் மேற்குக் கரையில் உள்ள ஹோவ்ஸோர். மேசை மாதிரிச் சமதளம், கடல்காற்று. அங்கே தேறின கருவி ஆரல்வாய்மொழிக் கணவாயின் வாயில் வைத்தாலும் அப்படியே நடந்துகொள்ளும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. உங்கள் அறிக்கையில் ‘தேர்ச்சி’ என்று ஒரு சொல் எழுதுவதற்குப் பதில், எந்த இடத்தில், எந்தக் காற்றில், எந்த உயரம் வரை என்று எழுதுங்கள்.

செங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்: மலைச்சரிவில், குன்றின் உச்சியில் இந்தப் பெட்டி சரியாக அளக்குமா?

குறைத்துச் சொல்லும். முதல் பதிலில் சொன்ன கால்பந்து மைதானத்தை நினையுங்கள். காற்று குன்றின் மேல் ஏறி இறங்குகிறது. காற்று வருகிற பக்கத்துக் கதிர் பார்க்கும் இடத்தில் காற்று மேல்நோக்கி ஏறிக்கொண்டிருக்கும். போகிற பக்கத்தில் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். பெட்டியோ இரண்டு பக்கமும் ஒரே மாதிரி காற்று என்று நம்பிக் கணக்குப் போடுகிறது. அந்த ஏற்றமும் இறக்கமும் கிடைவேகத்திலிருந்து கழிந்துவிடும். சில விழுக்காடு குறையும்; ஒரு விழுக்காடு வேகம் சக்தியில் மூன்று விழுக்காடு என்பதை மறக்க வேண்டாம். பள்ளத்தாக்கில் வைத்தால் இதே கணக்கு தலைகீழாகும். கம்ப்யூட்டரில் மலையின் வடிவத்தைப் போட்டுக் காற்றை ஓடவிட்டுத் திருத்துகிறார்கள். திருத்தம் உதவும். ஆனால் அந்தத் திருத்தமும் ஓர் ஊகம்தான் என்பதால், மலையில் ஒரு கம்பமாவது நடாமல் பெட்டியை மட்டும் நம்பிப் பணம் போட நான் சம்மதித்ததில்லை.

அதே பொறியாளர்: கொந்தளிப்பையும் லைடாரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமா?

சராசரி வேகத்துக்கு நம்புகிற அளவு கொந்தளிப்புக்கு நம்ப வேண்டாம். சின்னச் சுழல்கள் அது சராசரி எடுக்கும் கனஅளவுக்குள் அமுங்கிவிடும். கதிர்களுக்கு நடுவே வேறு அசைவுகள் கலந்துவிடும். லேசரை விட்டு விட்டு அனுப்பாமல் இடைவிடாமல் அனுப்புகிற ‘தொடர் அலை’ லைடார் 10 மீட்டர் உயரத்தில் ஒரு சாண் தடிமன் காற்றைப் பார்க்கும்; 100 மீட்டரில் சுமார் 15 மீட்டர் தடிமனுக்குப் பார்க்கும். காத்தாடியின் இறக்கை எவ்வளவு அடி தாங்க வேண்டும் என்பதைக் கிண்ணத்திடமோ, கம்பத்தில் மாட்டி ஒலியால் அளக்கிற சோனிக் கருவியிடமோ கேளுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஓர் ஆசிரியை: காற்றை முதலில் இப்படி ஊர் ஊராக அளந்தது யார்? மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இந்தியாவுக்கு என்றால் அன்னா மாணி என்று சொல்லுங்கள். 1918-இல் பீருமேட்டில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், சி. வி. ராமனின் ஆய்வகத்தில் வேலை செய்தவர். வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக இருந்து 1976-இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகு நாடு முழுக்கக் காற்றளக்கும் கம்பங்கள் நட ஏற்பாடு செய்தார். இன்றைக்கு நாம் 120 மீட்டர் என்று பேசுகிறோம். அன்று 20 மீட்டர் கம்பமே பெரிது. முப்பந்தலுக்குக் காத்தாடிகள் கூட்டமாக வந்ததற்குப் பின்னால் அந்த அளவுகள் இருக்கின்றன.

கிண்ணத்துக்கு என்றால் அயர்லாந்தில் ஆர்மா வானாய்வகத்தில் இருந்த ராபின்சன், 1846. நாலு கிண்ணம் வைத்தார். கிண்ணம் எந்த அளவானாலும் காற்றின் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் சுற்றும் என்று நம்பினார். அது தவறு என்று பின்னால் தெரிந்தது. 1926-இல் கனடாவின் பேட்டர்சன் மூன்று கிண்ணத்துக்கு மாற்றினார். கிண்ணத்தைச் சரிபார்த்து முடிக்கவே அவ்வளவு வருடம். லைடாரைப் பார்த்து நாம் பொறுமை இழப்பது நியாயமில்லை.

கோவையிலிருந்து ஒரு வங்கி அதிகாரி: கடன் கேட்டு வருபவர்கள் தடித்தடியாக லைடார் அறிக்கை தருகிறார்கள். எனக்குப் பொறியியல் தெரியாது. எந்தப் பக்கத்தை முதலில் திருப்ப வேண்டும்?

இல்லாத தரவைப் பற்றிய பக்கத்தை. ‘தரவு கிடைத்தது 92 விழுக்காடு’ என்று எழுதியிருந்தால், மீதி எட்டு எந்த நேரத்தில் போனது என்று கேளுங்கள். நல்ல மழைக்குப் பிறகு காற்று கழுவிவிட்டாற்போல ஆகும்; லேசருக்குத் தூசி கிடைக்காது. மூடுபனியிலும் தாழ்ந்த மேகத்திலும் குழம்பும். மேல் உயரங்களில் இழப்பு கூடுதல். 80 மீட்டருக்கு நிறையத் தரவும் 140 மீட்டருக்குக் குறைந்த தரவும் இருந்து, இரண்டின் சராசரியையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், வேறு வேறு நாட்களை ஒப்பிட்டதாகிவிடும். இரண்டும் இருந்த நேரங்களை மட்டும் எடுத்தார்களா என்று பாருங்கள்.

இன்னும் மோசமான ஒன்று பார்த்திருக்கிறேன். ஐப்பசி மாதம், மேகம் மூடி சூரியத் தகடு சரியாகச் சார்ஜ் ஏற்றவில்லை. பெட்டி தினமும் பின்னிரவு மூன்று மணிக்கு அணைந்து, வெயில் ஏறிய பிறகு எழுந்துகொண்டது. மாதக் கணக்கில் இழப்பு வெறும் ஓர் எண்ணாகத்தான் தெரிந்தது. ஆனால் போனது எல்லாம் பின்னிரவு, அதாவது மேலே காற்று ஓடி கீழே அடங்கிக் கிடக்கிற நேரம். பல்லடத்துத் தோட்டக்காரருக்குச் சொன்னேனே அந்த அடுக்கெண், அது பகல் கணக்காக மாறிப் போயிருந்தது.

நம் ஊருக்கு இன்னொரு கேள்வி: எத்தனை மாதம் அளந்தார்கள்? தென்மேற்குப் பருவத்தின் நாலு மாதத்தை மட்டும் அளந்து வருடத்தைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பன்னிரண்டு மாதம் வேண்டும். நீங்கள் பார்க்கும் பி-90 என்ற எண், பத்தில் ஒன்பது வாய்ப்புக்கு இந்த உற்பத்தியைத் தாண்டும் என்பது. அளவில் சந்தேகம் குறைந்தால் அந்த எண் உயரும். கம்பத்தோடு சேர்த்து ஒரு பெட்டியும் வைத்து உயரக் கணக்கை உறுதி செய்தவர், அதனாலேயே கூடுதல் கடன் கேட்கத் தகுதி உள்ளவர்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு மீனவர்: கடலுக்குள்ளே காத்தாடி வரப் போகிறது என்கிறார்கள். கச்சானும் வாடையும் எங்களுக்குத் தெரியும். கடலில் இவர்கள் எதில் நின்று அளப்பார்கள்?

அண்ணாச்சி, இரண்டு வழி. கடல் தரையில் தூண் நட்டு மேடை கட்டி, அதில் பெட்டியை வைப்பது ஒன்று. நாட்டின் முதல் கடல் லைடார் அப்படித்தான் 2017 நவம்பரில் குஜராத்தின் காம்பே வளைகுடாவில் வைக்கப்பட்டது. சென்னையில் இருக்கிற தேசியக் காற்றாற்றல் நிறுவனம் செய்தது. இன்னொரு வழி, மிதவையில் வைத்து நங்கூரம் போடுவது. மிதவை ஆடுமே என்று கேட்பீர்கள். ஆடும். ஆனால் முன்னால் சாய்வதும் பின்னால் சாய்வதும் பத்து நிமிடச் சராசரியில் பெரும்பாலும் கழிந்துவிடும், அதனால் சராசரி வேகம் நன்றாகவே வருகிறது. கொந்தளிப்புதான் கூடுதலாகக் காட்டும், ஆடுகிற ஆட்டத்தையும் காற்றின் கணக்கில் எழுதிவிடுவதால். மிதவையை அனுப்பும் முன் கடலில் ஏற்கெனவே அளவு தெரிந்த ஒரு கருவி பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுவார்கள்.

2024-இல் குஜராத்துக்கு 500, தமிழ்நாட்டுக்கு 500 என்று ஆயிரம் மெகாவாட் கடல் காற்றாலைக்கு ஒன்றிய அரசு நிதியுதவி அறிவித்தது. நம் பக்கம் மன்னார் வளைகுடா. வலை போடுகிற இடத்தில் மிதவை வந்தால் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கேளுங்கள். மிதவைச் சங்கிலியில் வலை சிக்கினால் நட்டம் இரண்டு பக்கமும்தான்.

கயத்தாறிலிருந்து ஒரு வாசகர்: பெட்டியை வைத்துவிட்டால் சிம் கார்டு வழியாகத் தரவு வந்துவிடுகிறதே. ஆள் எதற்கு?

ஒரு தளத்தில் ஏழு மாதத் தரவு சுத்தமாக வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்து காற்றின் திசை எல்லா உயரத்திலும் 20 பாகை திரும்பியிருக்கிறது. வேகத்தில் மாற்றம் இல்லை. வேகம் மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் காத்தாடிகளை ஒன்றின் நிழல் ஒன்றின் மேல் விழாமல் வரிசைப்படுத்துவது திசையை வைத்துத்தான்; 20 பாகை தப்பினால் வரிசையே தப்பும். பருவம் மாறியதா, கருவி கெட்டதா, திசைகாட்டி பிசகியதா என்று மூன்று பேர் கூடி ஒரு வாரம் விவாதித்தோம். தயாரிப்பாளருக்கும் எழுதினோம். பிறகு தளத்துக்கே போனேன். காவலுக்கு இருந்த பெரியவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். தினமும் ஒரு வரி: மழை, மழை இல்லை, ஆடு வந்தது, விரட்டினேன். அந்தத் தேதியைத் திருப்பச் சொன்னேன். ‘பெட்டிக்கு அடியில் எறும்புப் புற்று. தூக்கி வைத்துக் கழுவி மறுபடி வைத்தோம்’ என்று எழுதியிருந்தது.

அவரை யாரும் திட்டவில்லை. தேதி கிடைத்ததால் முன்னாலுள்ள ஏழு மாதமும் பின்னாலுள்ள தரவும் இரண்டுமே பிழைத்தன. திருப்பத்தைக் கணக்கில் சரிசெய்துகொண்டோம். அன்று மத்தியானமே பெட்டியின் கால்களைச் சுற்றிச் சிமெண்ட் தரையில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டேன். அதற்கப்புறம் நான் வைத்த எந்தப் பெட்டியும் சிவப்புக் கோடில்லாமல் நின்றதில்லை. பெரியவருக்கு இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.